அறையைத் திறப்பது யார்?

மலேசியாவின் கிள்ளானில் நாலடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். கடலுக்குப் பக்கமான களிமண் நிலம். காப்பார், மேரு பக்கம் போனால் மழை மாதங்களில் அதற்கும் மேலேயே ஊறும். இந்த மண்ணில் குழி வெட்டிக் கக்கூஸ் கட்டினால், மழைக்குக் குழி நிறைந்து உள்ளே கிடப்பது வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும். அதனால் நான் கட்டுகிற கழிப்பறைகள் எல்லாம் தரைக்கு மேலே, நாலு படி ஏறிப் போகிற மாதிரி இருக்கும். படிக்குக் கீழே இரண்டு அறைகள். தண்ணீர் ஊற்றித் தள்ளுகிற வேலையே கிடையாது. ஒரு அறை நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவார்கள். மூடிய அறை ஒரு வருஷம் கிடந்து எருவாகும்.

கோலாலம்பூர்ப் பட்டணத்துக்குள் இதற்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துக் கழிவுக்குப் பந்தாய் டாலாமில் ஏறத்தாழ 14 லட்சம் பேரின் கழிவைத் தாங்கும் நிலத்தடிச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. மேலே பூங்கா, கீழே அது. அங்கே நடக்கிறவர்களில் பாதிப் பேருக்குக் காலடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. 1994-இல் இண்டா வாட்டர் நிறுவனம் நாட்டின் பெரும்பகுதியில் கழிவுநீர்ப் பொறுப்பை ஏற்ற பிறகு, கழிவு என்பது கட்டணமாக மட்டும் வீட்டுக்கு வருகிற விஷயமாகிவிட்டது. நானே இள வயதில் ஒரு குத்தகைக்காரரிடம் செப்டிக் டேங்க் உறிஞ்சும் லோரியில் ஏறியவன். அந்த வேலையில்தான் இந்தத் தொழிலுக்கான மூக்கும் பொறுமையும் எனக்கு வந்தன.

என்னைக் கூப்பிடுகிறவர்கள் வேறு மாதிரி ஆட்கள். சின்ன ஆசிரமங்கள். கோயிலோடு சேர்ந்த மாட்டுக் கொட்டகையும் காய்கறிப் பாத்தியும் வைத்திருப்பவர்கள். கம்பெனி வேலையை விட்டுவிட்டு நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து உலு லங்காட் பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்தவர்கள். தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே விளைவித்து, சைவம் சாப்பிட்டு, மாடு வளர்த்து, கூரைத் தண்ணீரைப் பிடித்து, யாரையும் எதிர்பார்க்காமல் வாழ வேண்டும் என்று நினைக்கிற இந்துக் குடும்பங்கள். 2014-இல் சிலாங்கூரில் தண்ணீர் பங்கீடு வந்தபோது இவர்களில் பலருக்கு முதல் தடவையாகக் கழிப்பறையைப் பற்றி யோசனை வந்தது. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆறு மாசுபட்டு நாலு சுத்திகரிப்பு நிலையங்களை ஒரே நேரத்தில் மூடி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் வறண்டபோது, யோசித்தவர்கள் போன் போட்டார்கள்.

இந்தக் கழிப்பறையில் எல்லாமே மூன்றைத் தனித்தனியாகப் பிரிப்பதில்தான் இருக்கிறது. மலம் ஒரு துளை வழியாக அறைக்குள் விழும். சிறுநீர் முன்பக்கத்துக் கிண்ணத்தில் இறங்கி ஜெரிகேனுக்குப் போகும். நாம் தண்ணீரில் கழுவுகிற ஜனம். ஆகவே கழுவும் தண்ணீருக்கும் தனி இடம் வேண்டும். கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து கழுவினால் அந்தத் தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குப் போகும். மேல்நாட்டு நூல்களைப் படித்துவிட்டு வருகிற இளைஞர்கள் ஒரு வாளியும் மரத்தூளும் போதும் என்பார்கள். காகிதத்தில் துடைக்கிறவர்களுக்கு அது போதும். மூன்று துளைப் பீங்கானை நம் ஊர் ஆட்கள் முன்பே பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். திருச்சி மாவட்டம் முசிறி பகுதியில் ஸ்கோப் என்ற அமைப்பு, சுப்புராமன் அவர்கள் தலைமையில், வீடு வீடாக இதைக் கட்டியது. அங்கேயும் காரணம் நிலத்தடி நீர்தான். காவிரிக் கரையில் தண்ணீர் மேலே நிற்பதால் குழிக் கழிப்பறை ஒத்துவரவில்லை. 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது நான் ஏதோ என் சொந்தக்காரருக்குக் கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டேன்.

மலமும் சிறுநீரும் கலந்தால்தான் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை. ஈரம் அதிகமானால் காற்றில்லாமல் அழுகி முட்டை நாற்றம் வரும். இரண்டையும் தடுத்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் இரண்டு கை தூள் போட்டுவிட்டால், கறுப்புப் பெயின்ட் அடித்த நாலு இஞ்சுக் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றி நுனியில் கொசுவலை கட்டிவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கலாம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. உள்ளே போய்விட்டு வந்த பிறகுதான் முகம் மாறும்.

தூள் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுங்கை பூலோ பக்கம் மேசை நாற்காலி செய்கிற ஆலைகளில் மரத்தூள் சும்மாவே தருவார்கள். அதை வாங்காதீர்கள். அங்கே வருவது பெரும்பாலும் ரப்பர் மரம். பூச்சி அரிக்காமல் இருக்கப் பலகையைப் போரான் கரைசலில் ஊற வைத்துத்தான் ஆலைக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தூள் எருவில் சேர்ந்தால் கொஞ்ச காலத்தில் செடியின் இலை ஓரம் கருகும். பசை போட்டு அழுத்திய பலகைத் தூள் இன்னும் மோசம். மரம் அறுக்கிற மில்லில், மருந்தில் நனைப்பதற்கு முன்னால் விழுகிற தூள்தான் நமக்கு ஆகும். கிடைக்காவிட்டால் செகிஞ்சான் பக்கத்து நெல் உமி. அதோடு சாம்பல் கலக்க வேண்டும். சாம்பல் காரத்தைக் கூட்டும், காரம் கிருமியைக் கொல்லும்.

சாம்பல் என்றதும் ஒரு ஆசிரமத்தில் நடந்தது நினைவுக்கு வருகிறது. அங்கே வாரம் தவறாமல் ஹோமம். யாககுண்டத்துச் சாம்பல் தகர டின்களில் நிறைய இருந்தது. கூட இருந்த பையன் ஒருவன், "அண்ணே, இவ்ளோ சாம்பல் இருக்கே, இதையே போட்டுக்கலாமே" என்றான். பெரியவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். நானும் வேண்டாம் என்றேன். அவர்கள் நெற்றியில் இடுகிற பொருளை மலத்தின் மேல் கொட்டச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அடுப்பங்கரையில் விறகு எரித்த சாம்பல் எடுத்தோம். அதற்கு எந்த ஆட்சேபமும் வரவில்லை. நெருப்பும் மரமும் ஒன்றுதான், அடுப்பு வேறு. இப்படிப்பட்ட கோடுகளை மதித்தால்தான் இந்த வேலை நடக்கும். அவற்றைக் கேலி செய்கிறவர்கள் கட்டிய கழிப்பறைகளில் விறகு அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே கட்டுவது என்பதிலும் அப்படித்தான். ஈசானிய மூலை ஆகாது. மடப்பள்ளி வாசலிலிருந்து தெரியக் கூடாது. தூரத்தில் போய் இருந்துவிட்டு வந்த பழக்கம் நம்முடையது. வீட்டுக்குள் கழிப்பறை என்பதைப் பாட்டிமார்கள் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. என் பாட்டி தோட்டத்து லயத்தில் இருந்தவரை செம்பெடுத்துக்கொண்டு ரப்பர் காட்டுக்குள்தான் போனார். தோட்டத்து ஜனங்களைக் கொக்கிப் புழு அரித்தது அப்படித்தான். 1915 வாக்கில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் மருத்துவக் குழு மலாயாவுக்கு வந்து ஆராய்ந்ததே அந்தப் புழுவுக்காகத்தான். வெறுங்காலில் ஈர மண்ணை மிதித்துப் பால் வெட்டியவர்களின் ரத்தத்தை அது குடித்தது. ஆகவே மலத்தின் மேல் நமக்கிருக்கும் அருவருப்பை நான் மூடநம்பிக்கை என்று தள்ளுவதில்லை. பச்சை மலத்தைக் கண்டு ஒதுங்குவது நல்ல புத்தி. ஒரு வருஷம் கிடந்து மண்ணாகிப்போனதையும் அப்படியே பார்ப்பதுதான் சிக்கல்.

அந்த ஒரு வருஷம் நானாகச் சொல்கிற கணக்கு இல்லை. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் ஒரு வருஷத்துக்கு மேல் மூடி வைக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி நூல். சாம்பலோ சுண்ணாம்போ போட்டுக் காரம் 9-க்கு மேல் நின்றால் ஆறு மாதத்துக்கு மேல். கடைசியாகச் சாகிறது நாக்குப்பூச்சியின் முட்டை. அது செத்தால் மற்றதெல்லாம் எப்போதோ செத்திருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் சாம்பல் சீக்கிரம் நமுத்துப்போவதால் நான் காரத்தை நம்புவதில்லை, காலத்தைத்தான் நம்புகிறேன்.

எருவை எதற்குப் போடுவது என்பதில் ஒவ்வொரு இடத்திலும் தனிக் கச்சேரி நடக்கும். பூசைக்குப் பறிக்கிற மல்லிகைக்கு வேண்டாம். துளசிக்குக் கூடவே கூடாது. வெற்றிலைக்கு யோசிப்பார்கள். தென்னைக்குப் போடலாம், ஆனால் தேங்காய் சாமிக்குப் போகுமே என்று ஒருவர் ஆரம்பிப்பார். கடைசியில் வாழைக்குப் போடலாம் என்று முடிவாகும். வாழையிலையில்தான் படையல் என்பதை அந்த நேரத்தில் நான் எடுத்துச் சொல்வதில்லை. வாழை முதல் குலை தள்ளட்டும், பிறகு அவர்களே யோசித்துக்கொள்வார்கள். பசுஞ்சாணத்தைக் கையால் வழித்து வரட்டி தட்டி, அதை எரித்துத் திருநீறு செய்கிற கைகள் இவை. சாணத்தில் கூச்சமில்லாத ஜனத்துக்கு மண்ணில் கூச்சம் இருக்க முடியாது. இருக்கிற கூச்சம் வேறு ஒன்றின் மேல்.

என் அப்பா பிரிக்பீல்ட்ஸில் நகராண்மைக் கழகத் தொழிலாளி. கோலாலம்பூரின் பழைய கடைவீடுகளுக்குப் பின்னால் சந்துகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இன்று அங்கே சுவரோவியம் வரைகிறார்கள், காப்பிக்கடை வைக்கிறார்கள். அன்று வாளிக் கக்கூஸ் காலத்தில் அந்தச் சந்துகள் வழியாகத்தான் மலம் ஊரைவிட்டுப் போனது. சுவரின் அடியில் சின்னக் கதவு, உள்ளே வாளி. விடியும் முன்னே ஒருவர் வந்து நிறைந்த வாளியை எடுத்து வெறும் வாளியை வைத்துவிட்டுப் போவார். சிங்கப்பூரிலேயே கடைசி வாளி 1987-இல்தான் போனது. அப்பா அந்த வேலையில் சில வருஷம் இருந்தார், பிறகு சாக்கடைக்கு மாற்றினார்கள். தனக்குத் தண்ணீர் கொடுத்த வீடுகளைப் பற்றி அவர் சொல்வார். தண்ணீர் தருவார்கள், பழைய தகர டப்பாவில் தருவார்கள். குடித்ததும் டப்பாவை வாசலுக்கு வெளியே செடி மறைவில் கவிழ்த்து வைக்க வேண்டும். அடுத்த நாள் அதே டப்பா. தமிழர் வீடுகள்தான் அவை. கப்பலேறி வந்த கடலில் சாதி கரைந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் யாரும் அந்த டப்பாவில் தண்ணீர் குடித்ததில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பல வருஷம் கழித்து அதே டப்பாவை ஓர் ஆசிரமத்தில் பார்த்தேன். நல்லவர்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு, தினமும் அன்னதானம். நான் கட்டிக் கொடுத்த கழிப்பறையை அத்தனை சுத்தமாக வைத்திருந்தார்கள். முதல் அறை நிறைந்து, காலம் ஆகி, திறக்க வேண்டிய நேரம் வந்தது. தோட்ட வேலைக்கு வைத்திருந்த வங்காளதேசத்துப் பையனைத் திறக்கச் சொன்னார்கள். அவன் திறந்தான், அள்ளினான், வாழைக்குப் போட்டான். ஒரு முறையும் முகம் சுளிக்கவில்லை. அன்று சாயங்காலம் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் தேத்தண்ணீர் வந்தது. அவனுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் குவளை. முந்தின நாள் வரைக்கும் அவனும் எவர்சில்வர் டம்ளரில்தான் குடித்தான். அவன் குவளையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். எனக்குத் தேத்தண்ணீர் இறங்கவில்லை.

அவன் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போன பிறகு இரண்டாவது அறையைத் திறக்க வேண்டிய நேரம் வந்தது. திறக்க ஆள் இல்லை. கூலிக்குக் கேட்டார்கள், யாரும் வரவில்லை. முதல் அறையும் மறுபடி நிறைந்து, தூள் போடுவது நின்று, ஈ மொய்க்க ஆரம்பித்தது. இடித்துவிட்டுத் தண்ணீர்க் கக்கூஸ் கட்டினார்கள். "சிஸ்டம் சரியில்லை" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கழிப்பறை கடைசி நாள் வரை சரியாகத்தான் இருந்தது. அரிசியும் பாலும் தண்ணீரும் சொந்தமாக வேண்டும், மலம் மட்டும் அடுத்தவன் பொறுப்பு என்றால் அது தற்சார்பு ஆகாது. ஒரே ஒரு ஆளை, அவன் குறைந்தவன் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு, மொத்த வாழ்க்கையையும் அவன் தோளில் ஏற்றி வைத்திருப்பதுதான் அது.

ஆசிரமம் நடத்துகிறவர்கள் காந்தியின் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. 1901 கல்கத்தா காங்கிரஸில் கழிப்பறை நாறியபோது, அது தோட்டிகளின் வேலை என்று தொண்டர்கள் ஒதுங்க, அவர் தானே துடைப்பம் தேடி எடுத்தார். 1910-இல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ச் சத்தியாகிரகிகள் நிறையப் பேர் இருந்தார்கள். அங்கே மலத்தை மண்ணில் புதைத்து எருவாக்கினார்கள், வேலைக்காரர்கள் கிடையாது. இதையெல்லாம் எடுத்துச் சொல்கிறவர்கள், டர்பன் வீட்டில் நடந்ததையும் காந்தியின் சுயசரிதையிலேயே படிக்க வேண்டும். பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவக் குமாஸ்தா ஒருவரின் மூத்திரச் சட்டியைக் கஸ்தூரிபாய் எடுக்க நேர்ந்தது. அவர் அழுதுகொண்டே எடுத்தார். சிரித்த முகத்தோடு எடுக்கவில்லை என்று காந்தி அவரைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனார். பிற்பாடு அதை எழுதி வெட்கப்பட்டார். கணவனின் கொள்கைக்கு மனைவி சட்டி சுமந்தாள். நான் பார்த்த இடங்களிலும் இதே கதைதான். கொள்கை ஆண்கள் பேசுவார்கள், முறைப் பட்டியல் போட்டால் பெண்கள் பெயராக வரும். தூள் நிரப்புவது, ஜெரிகேன் மாற்றுவது, பீங்கான் துடைப்பது எல்லாம் "வீட்டு வேலை" ஆகிவிடும். இப்போது பட்டியலை நான் கையில் வாங்கிப் பார்க்காமல் விடுவதில்லை.

உலு லங்காட்டில் ஒரு சின்னக் கூட்டுத் தோட்டம். அங்கே ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் டீச்சரம்மா. அறையைத் திறக்கும் நாளில் யார் முதலில் என்று ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "பெரியவளா நான் இருக்கேன்ல, நான் எடுத்தாதானே நீங்கல்லாம் எடுப்பீங்க" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கையுறை கேட்டார். பலகையைச் சுற்றி அடைத்திருந்த சுண்ணாம்புக் கலவையை உளியால் பெயர்த்தேன். பலகை விலகியது. உள்ளே கறுத்து உதிர்ந்த மண். ஓரத்தில் மட்டும் மக்காத மரத்தூள் வெளிர்நிறமாக ஒட்டியிருந்தது. ஒரு சின்னப் பிள்ளையின் பிளாஸ்டிக் கிளிப், கொஞ்சம் தலைமுடி. அம்மா ஒரு கை அள்ளி, மூக்கருகே கொண்டுபோய், பக்கத்திலிருந்த மருமகனிடம் நீட்டினார். "மோந்து பாருங்க மாப்ளே." அவர் முகர்ந்தார். வாடை ஏதும் இல்லை என்றுகூட அவர் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். அத்தனை பேர் ஒரு வருஷம் போனது, தள்ளுவண்டியில் சில நடையோடு முடிந்துவிட்டது.

முடிந்ததும் எல்லாரும் கொல்லைப்புறமே போய்த் தலைக்குக் குளித்தார்கள். உடுத்தியிருந்ததை அங்கேயே நனைத்து வைத்துவிட்டு மாற்றுத் துணியில்தான் வீட்டுக்குள் நுழைந்தார்கள். டீச்சரம்மா மஞ்சள் தேய்த்துக் குளித்து விளக்கேற்றினார். சுகாதார வகுப்பில் நான் சொல்லிக் கொடுக்க நினைத்ததை எல்லாம், இழவு வீட்டுக்குப் போய் வந்தால் என்ன செய்வார்களோ அந்த முறையிலேயே அவர்கள் செய்துவிட்டார்கள். தனித் துணி, தனி மண்வெட்டி, குளித்துவிட்டுத்தான் சாப்பாடு. தீட்டு என்பது ஒரு வேலையைச் செய்தவருக்கு அன்றைக்கு ஒட்டி, குளித்தால் போவதாக இருந்தால் அதில் எனக்குச் சண்டை இல்லை. அது ஒரு மனிதனோடு பிறந்து, அவன் பிள்ளைக்கும் போகிறது என்று ஆக்கியதில்தான் பாவம் இருக்கிறது.

சிறுநீருக்கு இத்தனை பாடு இல்லை. ஒருவர் வருஷத்துக்குச் சுமார் 500 லிட்டர் விடுகிறார். கழிவில் இருக்கும் தழைச்சத்தில் பெரும்பகுதி அதில்தான். பத்துக்கு ஒன்றாகத் தண்ணீர் கலந்து மிளகாய்க்கும் கீரைக்கும் வேரில் ஊற்றினால் ஒரு வாரத்தில் இலை கறுத்துச் செழிக்கும். அறுக்கிறதுக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். முசிறியில் பொதுக் கழிப்பறைக்கு வருகிறவர்களுக்குத் தடவைக்கு 10 காசு கொடுத்துச் சேர்த்தார்கள். காசு கொடுத்துக் கழிப்பறைக்குப் போகிற உலகத்தில், வருகிறவனுக்குக் காசு கொடுத்தது பெரிய மரியாதை. உன்னிடமிருந்து வருவதற்கு விலை உண்டு என்று அவனிடம் சொல்கிற மரியாதை.

இப்போது வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்னால் இரண்டு விஷயம் கேட்கிறேன். அறையைத் திறக்கப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியல், அதில் தலைவர், செயலாளர், சாமியார் யாராக இருந்தாலும் அவர் பெயர், ஆணும் பெண்ணும் சரிபாதி. இரண்டாவது, கூலியாள் யாரும் அதில் இருக்கக் கூடாது. இதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயின. போகட்டும்.

பந்திங் பக்கம் ஓர் இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. நல்ல நிலம், பத்துப் பசுக்கள், பிள்ளைகளுக்கு விடுதி கட்டுகிற திட்டம். கமிட்டியில் மூத்தவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "தம்பி, எனக்கு வயசு எழுபதாச்சு, என் பேருக்குப் பதிலா மாசம் ஒரு தொகை தந்துடுறேனே" என்றார். முடியாதென்றால் மண்வெட்டி பிடிக்க வேண்டாம் ஐயா, திறக்கிற அன்று பக்கத்தில் நின்று பலகையைத் தூக்கக் கை கொடுங்கள், பிறகு அள்ளினவர்களோடு உட்கார்ந்து ஒரே மாதிரி டம்ளரில் தேத்தண்ணீர் குடியுங்கள், அது போதும் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பதில் வந்த பிறகுதான் செங்கல்லுக்குச் சொல்வேன்.